முதல் கிதார்

பத்து வயதுப் பேத்தி போன மாதம் கேட்டாள்: “தாத்தா, எனக்கு ஒரு கிதார் வாங்கித் தருவீங்களா?” மகன் உடனே கைபேசியில் விலை பார்க்க ஆரம்பித்தான். “கொஞ்சம் பொறுப்பா” என்றேன். கிதார் விஷயத்தில் நான் ஒருமுறை ஏமாந்தவன்.

புதுச்சேரியில் எங்கள் தெருவில், சைகோனில் இருந்து திரும்பிய சொல்தா ஒருவரின் வீடு இருந்தது. அவருடைய மூத்த பிள்ளை மாலை வேளைகளில் திண்ணையில் உட்கார்ந்து கிதார் வாசிப்பார். பெரும்பாலும் ஒரே மெட்டுதான். 1952இல் ரெனே கிளெமான் எடுத்த ‘ழே ஏந்தெர்தி’ என்ற பிரெஞ்சுப் படத்தில், ஸ்பெயின் நாட்டு நார்சிசோ யேப்பெஸ் தனி ஒரு கிதாரில் வாசித்தது அது. அந்தப் படம் வந்தபின் பிரான்சில் கிதார் தொட்டவர்களெல்லாம் அதைத்தான் முதலில் வாசிக்க ஆசைப்பட்டார்கள். 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. அந்த வீட்டார் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டு சில ஆண்டுகளில் கப்பலேறினார்கள். கிதாரும் போய்விட்டது.

வேலைக்குச் சேர்ந்த பிறகு, சம்பளத்தில் மிச்சம் பிடித்து மதராசில் ஒரு கிதார் வாங்கினேன். இரும்புத் தந்தி போட்டது. கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தந்திக்கும் மெட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும்போல் இருந்தது. அழுத்தினால் விரல்நுனி கிழிந்தது. எட்டு மாதம் போராடிவிட்டுப் பரணில் ஏற்றினேன். “எனக்கு சங்கீதம் வராது” என்று முடிவு கட்டினேன். பின்னாளில் மகன் கிதார் கற்க ஆசைப்பட்டபோதும், “நம்ம குடும்பத்துக்கு அதெல்லாம் வராதுப்பா” என்று தடுத்துவிட்டேன்.

ஓய்வு பெற்றபின் பிரெஞ்சுப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் என் தவறு புரிந்தது. கிதார் என்ற ஒரே பெயரில் இரண்டு வாத்தியங்கள் இருக்கின்றன.

முதலாவது ஸ்பெயின் வழி வந்தது. அதற்கு ஆட்டுக்குடல் தந்தி. நேப்பிள்சில் பிறந்த கருல்லி 1808இல் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். தன் ஊரில் கிதாருக்கு வாத்தியார் கிடைக்காமல் தானே கற்றவர் அவர். அதனாலோ என்னவோ, ஆரம்ப மாணவனுக்கென்று அவர் எழுதிய பாடப்புத்தகம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பார்செலோனாவில் பிறந்த சோர், 1830இல் பாரிசில் தன் பாடமுறையை வெளியிட்டார். அந்நாளைய கிதார் உருவில் சிறியது. இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் ஸ்பெயின் நாட்டுத் தொழிலாளி அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892). தந்தியின் நீளம் 65 சென்டிமீட்டர் என்று நிலைத்ததும் அவர் கைவேலையால்தான். 1862இல் அவர் பக்கங்களையும் பின்புறத்தையும் காகித அட்டையால் செய்து, முகப்பலகை மட்டும் நல்ல மரமாக இருந்தால் போதும், கிதார் பாடும் என்று காட்டினார்.

இரண்டாவது வாத்தியம் அமெரிக்காவில் வளர்ந்தது. ஜெர்மனியிலிருந்து 1833இல் நியூயார்க் போன மார்ட்டின் என்பவரின் பட்டறையிலும் முதலில் குடல் தந்தி கிதார்தான் செய்தார்கள். 1920களில் சத்தம் போதாதென்று இரும்புத் தந்தி பரவியது. அதன் இழுவிசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சத்தம் கூடியது, விரலுக்கு வேதனையும் கூடியது.

இரண்டாம் உலகப் போரில் குடல் தந்திக்குத் தட்டுப்பாடு வந்தது. நியூயார்க்கில் அகஸ்டின் என்பவர் நைலானில் தந்தி செய்து பார்த்தார். மேதை செகோவியா அதை ஏற்றுக்கொண்டார். எங்கள் தெருத் திண்ணையில் ஒலித்தது நைலான். நான் வாங்கி வந்ததோ இரும்பு. குறை என் காதிலும் இல்லை, விரலிலும் இல்லை.

பேத்திக்கு நைலான் தந்தி போட்ட முக்கால் அளவு கிதார் வாங்கினோம். வாங்குவோருக்கு நான் சொல்வது இதுதான். 12ஆவது மெட்டில் தடித்த தந்தி 4 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்து நின்றால் வேண்டாம். கழுத்து வளையாமல் இருக்கிறதா பாருங்கள். முறுக்காணி இறுக்கிய இடத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி, கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள். தினமும் கால் மணி நேரம் போதும். சில வாரத்தில் விரல்நுனி காய்த்துவிடும்.

மி, லா, ரே, சோல், சி, மி என்று தந்திகளின் பெயரைப் பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். பள்ளிக்கூடத்துப் பாடம் இதற்காவது உதவியது. அந்தப் பழைய மெட்டின் தொடக்கத்தில் விரலுக்கு முதல் தந்தியில் மட்டும்தான் வேலை, மற்றவற்றைச் சும்மா மீட்டினால் போதும். அதனால் அந்த அடிகள் எனக்கும் வந்துவிட்டன. அடுத்த பகுதி கடினம், அங்கே நின்றுவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி தூங்கியபின் கூடத்தில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயது மகன் அந்தச் சின்னக் கிதாரை மடியில் வைத்துத் தடவித் தடவி வாசித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கீழே வைக்கப் போனான்.

“வாசிப்பா, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு” என்றேன்.