நன்னூல் காட்டும் வருங்கால ஆசிரியன்

ஆசிரியப் பயிற்சி பெறுவார், பின்னாளில் தாம் எத்தகைய ஆசிரியராவோம் என்று உள்ளத்தே வரைந்துகொள்ளும் உருவம் இக்காலக் கல்வி ஆராய்ச்சியில் தனிப்பொருளாக வளர்ந்துள்ளது. 1986-இல் அமெரிக்க உளநூலறிஞர் ஏசல் மார்க்கசு, பவுலா நூரியசு என்னும் இருவர் வெளியிட்ட கட்டுரை இதற்கு அடிப்படையாயிற்று. ஒருவன் ஆக விழையும் உருவமேயன்றி, ஆகிவிடுவோமோ என அஞ்சும் உருவமும் அவன் முயற்சியைச் செலுத்தும் என்பது அவர்தம் கொள்கை. இதனைப் பயில்வார்க்கு நன்னூற் பொதுப்பாயிரம் நினைவிற்கு வாராதிராது. பவணந்தியார் இக்கொள்கையை அன்றே கண்டார் என யாம் கூறவில்லை. அங்ஙனம் கூறுதல் இருசாரார்க்கும் இழுக்காம்.

சீயகங்கன் வேண்ட, பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தே எழுந்த அந்நூலைக் கற்கப் புகுவோன், எழுத்தின் இயல்பை அறியுமுன் ஆசிரியன் இயல்பை அறிகின்றான். தக்க ஆசிரியனைத் தேர்ந்து அடைதற்பொருட்டே அப்பகுதி அமைந்தது என்பர். அது பொருந்தும், ஆயினும் அம்மட்டில் அமைதல் சாலாது. ஆசிரியரை ஆக்குதற்கெனத் தனி நிலையம் இல்லாத காலத்தில், இன்று பாடங்கேட்போனே நாளை பாடஞ்சொல்வோன். ஆகலின் அச்சூத்திரங்கள் அவன் வருங்கால உருவத்தையும் அவன்முன் நிறுத்துகின்றன எனக் கொள்ளுதல் தகும்.

நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நல்லாசிரியர் உவமைகள் யாவரும் அறிந்தவை. எம் கருத்தை ஈர்ப்பன ஆசிரியராகார்க்குக் கூறிய நான்குமே. கழற்காய் பெய்த குடம், பெய்த முறையிற் காய்களைத் தாராது, பிறழத் தரும். மடற்பனை, தானே பழத்தை வீழ்த்தினாலன்றி, அணுகி ஏறிப் பறிக்க இடந்தாராது. பருத்திக் குண்டிகை, அரிதிற் கொண்டதை எளிதில் வெளிவிடாது. முடத்தெங்கோ, நீர் வார்த்துப் பேணியவனை விடுத்து அயலான் மனையிற் காயை உதிர்க்கும். இவற்றுள் ஒன்றேனும் வெறுங்கலம் அன்று. காயும் பழமும் பஞ்சும் இளநீரும் உள்ளன. கொடுக்கும் வகையிலேதான் குறை. ஆசிரியராகார்க்குரிய இழிகுணங்களை நூல் வேறாகவும் சொல்கின்றது. எனினும் உவமை வகையால் மாணாக்கன் அஞ்சவேண்டிய உருவம் கல்லாதவன் உருவம் அன்று; கற்றும் வழங்கத் தெரியாதவன் உருவமே. கல்வி மிகுந்தார்க்கே இவ்வச்சம் மிகுதியும் உரியது என்பது எம் துணிபு.

அவ்வுருவினின்று தப்பும் வழி பாடங்கேட்டற் பகுதியில் உள்ளது. ஆசிரியன்பால் அமையக் கேட்பினும் புலமையிற் காற்பங்கே கிட்டும். உடன்பயில்வாரொடு பழகுதலால் இன்னுமொரு கால். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்குச் செவ்விதின் உரைத்தலாலேயே நிரம்பும். கற்பித்தல் கல்வியின் பின்விளைவு அன்று, அதன் பாதி என்பது இக்கணக்கின் பொருள்.

திண்ணைப் பள்ளியிற் சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடம் சொன்ன வழக்கும் இதனொடு ஒருபுடை ஒக்கும். மணலில் எழுதிப் பயிலும் நாட்டுச் சிறாரைக் கண்ட ஆண்ட்ரூ பெல், சென்னை எழும்பூரில் 1789 முதல் தம் பொறுப்பிலிருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தில், மாணவரைக்கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். 1797-இல் இலண்டனில் அதனை நூலாக்கினார். இங்கிலாந்தில் அது மதராசு முறை எனப் பெயர்பெற்றது. ஆயின் ஆங்கு அது பரவியதற்குத் தலையாய காரணம் செலவுச் சுருக்கம். உரைக்கும் சிறுவனின் புலமை நிரம்புதல் இரண்டாவதாயிற்று.

1854-இல் வந்த உட்டு அறிக்கை ஆசிரியப் பயிற்சியை வற்புறுத்தியது. 1856-இல் சென்னையில் தொடங்கிய அரசினர் பயிற்சிப் பள்ளி, பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. அப்பள்ளி தோன்றி இருபத்துநான்கு ஆண்டு கழிந்து, 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர் அதன் வழி வந்தவரல்லர். திருவாவடுதுறை மடத்தில் தாம் பாடங்கேட்டுக்கொண்டே பிறர்க்குப் பாடஞ் சொல்லி வந்தவர்.