அழைப்பு வராத அணி: சான் பிரான்சிஸ்கோ, 1951

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து, உலகின் பிற பகுதிகளில் அப்பெயரால் வழங்கும் ஆட்டத்தினின்றும் வேறானது. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ எறிந்தோ, நூறு கஜ நீளமுள்ள களத்தின் எல்லைக்கோட்டைக் கடந்து, ‘டச்-டவுன்’ எனப்படும் ஆறு புள்ளிகளை ஈட்டுவதே அதன் நோக்கம். இலையுதிர்காலத்தோடு அதன் பருவம் முடிந்துவிடும் என்றாலும், புத்தாண்டையொட்டி நடைபெறும் ‘பௌல்’ ஆட்டத்துக்கு வரும் அழைப்பையே அணிகள் பெரும்பேறாகக் கருதின. உள்ளூர்ப் பிரமுகர்களும் வணிகர்களும் அமைத்த குழுக்கள் நடத்திய இவ்வாட்டங்களின் வருவாயில் கல்லூரிகளுக்கும் பங்குண்டு. ஆனால், சில பௌல்கள் குறிப்பிட்ட கல்லூரிக் கூட்டமைப்புகளுக்கு இடம் ஒதுக்கியது போக, யாரை அழைப்பது என்பது அக்குழுக்களின் விருப்பத்தையே பொறுத்திருந்தது. 1951இல் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்ற சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணி, அந்த விருப்பத்துக்கு வெளியே நின்றது.

இயேசு சபையினர் நடத்திய அச்சிறிய பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ஜோ குஹாரிச் திரட்டிய வீரர்களுள், இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியக் களத்தில் நின்று திரும்பிய ஜீனோ மார்கெட்டியும், ஆறடி ஒன்பது அங்குல உயரமுள்ள பாப் செயின்ட் கிளேரும் இருந்தனர். ஓலி மாட்சன், பர்ல் டோலர் ஆகிய இருவர் மட்டுமே கறுப்பினத்தவர். மாட்சன் டெக்சஸ் மாநிலத்தின் டிரினிட்டியிலும், டோலர் டென்னசி மாநிலத்தின் மெம்பிசிலும் பிறந்தவர்கள் என்பது கருதத்தக்கது. அவர்கள் பிறந்த தென்னாடே பின்னர் அவர்களுக்குக் களத்தை மறுத்தது.

மாட்சனின் ஆற்றலை நியூயார்க்கில் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்துக்கு எதிராக நடந்த ஆட்டம் காட்டுகிறது. புள்ளி ஈட்டிய அணி பந்தை எதிரணியின் பக்கம் உதைத்து ஆட்டத்தைத் தொடர்வது மரபாகும். அவ்வாறு வந்த பந்தைத் தம் எல்லையருகே பற்றிய மாட்சன், எதிரே திரண்டு வந்த பதினொருவரையும் கடந்து ஏறத்தாழக் களம் முழுவதும் ஓடி டச்-டவுன் அடித்தார். அதே ஆட்டத்தில் அதனை இரண்டாம் முறையும் நிகழ்த்தினார். அப்பருவத்தில் அவர் ஓடிக் கடந்த 1,566 கஜமும், அடித்த 21 டச்-டவுன்களும் நாட்டிலேயே மிகுதியானவை.

ஆரஞ்சு பௌல் நடந்த மயாமி, சுகர் பௌல் நடந்த நியூ ஆர்லியன்ஸ், கேட்டர் பௌல் நடந்த ஜாக்சன்வில் ஆகியவை, இருக்கை முதல் பள்ளி வரை அனைத்தையும் இன அடிப்படையில் பிரித்துவைத்த தென்மாநிலச் சட்டங்களுக்கு உட்பட்ட நகரங்கள். வடக்கிலிருந்து வரும் அணிகள் கறுப்பின வீரர்களை ஊரிலேயே விட்டுவர வேண்டும் என்ற எழுதப்படாத உடன்பாடு அங்கு நெடுங்காலம் நிலவியது. 1946இல் பென் ஸ்டேட் அணி அதற்கு இணங்க மறுத்து, மயாமியில் ஆடவேண்டிய ஆட்டத்தையே கைவிட்டது. எதிரணிகள் வலுவற்றவை என்பதும் சான் பிரான்சிஸ்கோவைத் தவிர்க்கக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆயினும், இருவரையும் விட்டுவந்தால் அழைப்பு உண்டு என்ற செய்தி தங்களை எட்டியதாகவும், அதனைத் தயக்கமின்றி மறுத்ததாகவும் வீரர்கள் பிற்காலத்தில் ஒருமுகமாக நினைவுகூர்ந்துள்ளனர். வெள்ளையின வீரர்கள் இழந்தது சிறிதன்று. அவர்களுள் பலருக்கு அதுவே இறுதிப் பருவம்.

கால்பந்தால் ஏற்பட்ட நட்டத்தைத் தாங்க இயலாத பல்கலைக்கழகம் அப்பருவத்தோடு அணியைக் கலைத்தது. எஞ்சிய ஓராண்டை செயின்ட் கிளேர் டல்சா பல்கலைக்கழகத்தில் ஆடி முடித்தார். மார்கெட்டி, மாட்சன், செயின்ட் கிளேர் ஆகிய மூவரும் பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றனர். அவ்வணியின் செய்தித் தொடர்பாளராயிருந்த பீட் ரோசெல், 1960இல் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைமை ஆணையரானார். மாட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலமும் தொடரோட்டத்தில் வெள்ளியும் வென்றார்.

டோலரின் வழி வேறாயிற்று. 1952இல் முழங்காலில் பட்ட காயம் அவரது தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்குமுன்பே முடித்துவிட, அவர் சான் பிரான்சிஸ்கோவில் ஆசிரியராகிப் பள்ளித் தலைமையாசிரியராக உயர்ந்தார். 1965இல் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் முதல் கறுப்பின நடுவரானார். 1951 அணி தன் கடைசி ஆட்டத்தை ஆடி வென்றது பாசடீனாவின் ரோஸ் பௌல் அரங்கில். 1980 ஜனவரியில், தொழில்முறைக் கால்பந்தின் இறுதியாட்டமான சூப்பர் பௌல் அதே அரங்கில் நடந்தபோது, நடுவர் குழுவின் கோடிட்ட சட்டையணிந்து டோலர் களத்தில் நின்றார்.