டோனாவூர் அம்மை



கடவுளைப் பிதா என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் ஏசாயா 66-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பிள்ளையைத் தேற்றும் தாயாகவும் காட்டப்படுகிறார். மத்தேயு 23-இல் இயேசு, குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கும் கோழிக்குத் தம்மை ஒப்பிடுகிறார். அந்தத் தாயன்பு நம் திருநெல்வேலிச் சீமையில் ஒரு குடும்பமாகவே உருவான கதையை இன்று சொல்கிறேன்.

ஏமி கார்மைக்கேல் 1867-இல் அயர்லாந்தில் பிறந்தவர். 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டு நம் பக்கம் வந்து தமிழ் படித்தார். சேலை உடுத்தி, தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்வதே அவர் வேலை.

1901 மார்ச் 7 அன்று பண்ணைவிளையில் பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி அவரிடம் வந்து சேர்ந்தாள். பெண் குழந்தைகளைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்த காலம் அது. முன்பு ஒருமுறை தப்பித் தாயிடம் போனவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கைகளில் சூடு போட்டார்கள். இரண்டாம் முறை அவள் கண்டுகொண்ட தாய்தான் ஏமி.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கைக்குழந்தைகளும் வந்தார்கள். களக்காட்டுக்குப் பக்கத்திலுள்ள டோனாவூர் அவர்களுக்கு வீடானது. பொன்னம்மாள் என்ற விதவைப் பெண் ஏமிக்கு வலக்கையாக நின்றார். பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பாலூட்டிக்கொண்டே ஊர் ஊராகப் போக முடியாது. வண்டிப் பயணம் நின்றது. ஊழியத்தை விட்டுவிட்டு ஆயா வேலையா என்று கேட்கத் தோன்றும். சீஷர்களின் கால்களைக் கழுவியவருக்கு அது கீழான வேலை அல்லவே!

அதை அனாதை இல்லமாக அவர் நடத்தவில்லை என்பதுதான் முக்கியம். ஏமி எல்லோருக்கும் 'அம்மா'. வளர்க்க வந்த பெண்கள் 'சித்தி'. மூத்த பெண்கள் 'அக்காள்'. ஆண் ஊழியர்கள் 'அண்ணாச்சி'. பிறந்த நாள் தெரியாத பிள்ளைகளுக்கு 'வந்த நாள்' கொண்டாடினார்கள். சாதி பார்க்காமல் ஒரே குடும்பமாக வளர்ந்தார்கள். 1918 முதல் ஆண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள்.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோரும் போராடினார்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் வந்தது.

1931-இல் கீழே விழுந்து அடிபட்ட ஏமி, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் படுக்கையிலேயே இருந்தார். 1951 ஜனவரி 18-இல் இறந்தார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றிருந்தார். பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் தாயைக் குறிக்கும் ஒரே சொல்லை மட்டும் பொறித்தார்கள்.

கோபப்படாமல் இதையும் கேளுங்கள். நாம் சபையில் 'சகோதரரே, சகோதரியே' என்று வாய் நிறையக் கூப்பிடுகிறோம். வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது முதலில் விசாரிப்பது எதை? டோனாவூரில் சித்தி என்றால் சித்திதான். இரவெல்லாம் கண் விழித்துப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர். உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டால் அந்த உறவின் பாரத்தையும் சுமக்க வேண்டும். இந்த ஞாயிறு ஆலயத்தில் பக்கத்தில் உட்காருபவரை அப்படி நினைத்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்