நாராயணவனம்: கடன் வாங்கிக் கல்யாணம் செய்த ஊர்

வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் கதையைக் கேட்டாலும் ஈடு என்ன, வட்டி என்ன, தவணை எத்தனை என்றுதான் மனசு ஓடும். கோயிலுக்குப் போனாலும் விடாது. போன டிசம்பர் விடுமுறைக்கு மஸ்கட்டிலிருந்து திருவள்ளூர் போயிருந்தபோது அப்பா, தங்கமணி, பெண், நான் என்று நாலு பேர் வாடகைக் காரில் மூன்று நாள் கோயில் சுற்றினோம். அந்தப் பயணம் முழுக்க என் வியாதி கூடவே வந்தது. அதனால் இது பாதி பயணக் கதை, பாதி கணக்குப் புத்தகம். பொறுத்துக்கொள்ளவும் :)

திருப்பதிக்கு எல்லாரும் போகிற திருத்தணி, நகரி வழியை விட்டுவிட்டு ஊத்துக்கோட்டை வழியாகப் போகலாம் என்றது அப்பாதான். எல்லையைத் தாண்டியதும் சுருட்டப்பள்ளி. சிவன் லிங்கமாக இல்லாமல், ஆலகால விஷம் குடித்த களைப்பில் அம்பாள் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறார். அடுத்து நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தன் தாயார் நாகலாதேவி பேரில் வைத்த ஊர். அங்கே மச்சாவதாரப் பெருமாள், வேதநாராயணர். மார்ச் மாதத்தில் மூன்று நாள் மாலை வெயில் முதல் நாள் பாதம், அடுத்த நாள் நாபி, மூன்றாம் நாள் நெற்றி என்று ஏறிப் படுமாம். நாங்கள் போனது டிசம்பர், அந்தக் கொடுப்பினை இல்லை.

பிச்சாட்டூர் தாண்டி, மதிய வெயிலில் நாராயணவனம் போய்ச் சேர்ந்தோம். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவார்களே, அந்தப் புத்தூருக்குப் பக்கத்தில்தான். பெரிய கோபுரம், அமைதியான தெரு, எங்கிருந்தோ விசைத்தறிச் சத்தம். திருமலையில் நம்மைத் தள்ளிவிடுகிற கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இங்கே இல்லை. கல்யாண வேங்கடேசரை நிதானமாக நின்று பார்த்தோம். இடுப்பில் வாள், கையில் கல்யாணக் கங்கணம். வேட்டைக்கு வந்த இடத்தில் பெண் பார்த்துக் கல்யாணமும் முடித்துக்கொண்ட மாப்பிள்ளை.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆகாசராஜன் பொன் ஏர் பூட்டி உழுதபோது தாமரையில் கிடைத்த குழந்தை பத்மாவதி. யானையைத் துரத்திவந்த ஸ்ரீநிவாசன் அவளைப் பார்த்து மயங்கி, குறி சொல்லும் குறத்தி வேஷத்தில் அரண்மனைக்கே போகிறான். வளர்ப்புத் தாய் வகுளாதேவி சம்பந்தம் பேசுகிறாள். கல்யாணம் நடந்த தலைநகரம் நாராயணவனம். கல்யாணத்துக்கு மாவு அரைத்தது என்று சொல்லி ஒரு பெரிய எந்திரக்கல்லைக் கோயிலில் வைத்திருக்கிறார்கள். என் பெண் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

மாப்பிள்ளையிடம் பணம் இல்லை என்பதுதான் சிக்கல். குபேரனிடம் கடன் வாங்குகிறார். வேங்கடாசல மாகாத்மியத்தில் இந்தக் கடன் பத்திரத்தை வரிசையாகச் சொல்லியிருக்கிறது. கொடுப்பவர் குபேரன். வாங்குபவர் ஸ்ரீநிவாசன். காரணம் விவாகம். ராம முத்திரை பதித்த பொற்காசுகள். சாட்சிகள் பிரம்மா, சிவன், மூன்றாவதாக ஒரு அரச மரம்! தொகை ஒரு கோடியே பதினாலு லட்சம் என்பது நம்ம வீடுகளில் சொல்லும் கணக்கு. அசல் கலியுக முடிவில், அதுவரை வட்டி மட்டும். அந்த வட்டிக்குத்தான் நாம் உண்டியலில் போடுகிறோம் என்பார்கள். ஈடு எதுவும் கொடுத்ததாகக் கேட்டதில்லை. இப்படி ஒரு விண்ணப்பம் என் மேஜைக்கு வந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.

"தாத்தா, சாமி இன்னுமா கடன் கட்டி முடிக்கலை?" என்றாள் பெண்.

"மேல போய் அவரையே கேட்போம்" என்றார் அப்பா.

அன்று இரவு திருப்பதியில் தங்கினோம். மறுநாள் காலை திருச்சானூர், அப்புறம் மலை. இங்கேதான் கணக்குப் புத்தகத்தின் மறுபக்கம் வருகிறது. புராணத்தில் பெருமாள் கடன்காரர். கல்வெட்டில் கதையே வேறு.

திருமலை, திருப்பதிக் கோயில் சுவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. பெரும்பாலானவை தமிழில். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தமிழ் வழங்கும் நிலத்துக்கு வேங்கடமே வட எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் சொல்கிறது. இந்தப் பக்கம் முழுக்கத் தொண்டை மண்டலம். சித்தூர் மாவட்டம் பிரிந்ததே 1911ல்தான். அதுவரை சித்தூர், சந்திரகிரிப் பக்கமெல்லாம் வட ஆற்காடு மாவட்டம். 1953ல் ஆந்திரா தனியானபோது சித்தூர் அங்கே போனது. ம.பொ.சி. முதலானவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி நம்மிடம் வந்தது. நாராயணவனம் 2022ல் உருவான திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. கோடுகள் இப்படி மாறிக்கொண்டே இருந்தாலும் சுவரில் வெட்டியது அப்படியே இருக்கிறது.

அந்தச் சுவர்களில் என்ன எழுதியிருக்கிறது? பெரும்பாலும் வரவு செலவு. திருச்சானூரில் பல்லவர் காலத்திலேயே விளக்கெரிக்கப் பொன் கொடுத்திருக்கிறார்கள். திருமலையில் பல்லவ அரசி சாமவை வெள்ளியில் ஒரு பெருமாள் திருமேனி செய்து வைத்து, அதன் பூஜைக்கு நிலமும் விட்டிருக்கிறாள். காலம் 966 என்பது பலரும் சொல்லும் கணக்கு. அந்த வெள்ளிப் பெருமாள்தான் இன்றைக்கும் ஏகாந்த சேவைக்கு ஊஞ்சல் கட்டிலில் படுக்கிற போக ஸ்ரீநிவாசர்.

விஜயநகர காலத்துக்கு வந்தால் என் தொழில் ரத்தம் சூடாகிவிட்டது. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில், சந்திரகிரியில் சாளுவ நரசிம்மன் செல்வாக்காக இருந்த காலம் தொட்டு, பக்தர்கள் ரொக்கமாகக் கொண்டுவந்து ஸ்ரீபண்டாரத்தில் கட்டுகிறார்கள். கோயில் அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டவில்லை. கோயில் கிராமங்களில் ஏரி வெட்ட, கால்வாய் வெட்டப் போட்டது. தண்ணீர் வந்ததும் விளைச்சல் கூடும். கூடின விளைச்சலில் பணம் கொடுத்தவர் பேரில் தினமோ திருநாளிலோ தளிகை. அசல் மண்ணுக்குள் போய்விட்டது, வட்டி மட்டும் சோறாக வந்துகொண்டே இருந்தது. தவணை எவ்வளவு காலம்? சந்திராதித்தவரை. சந்திரனும் சூரியனும் உள்ளவரை! பர்டன் ஸ்டெயின் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1960ல் இந்தக் கல்வெட்டுகளை வைத்தே, நடுக்காலக் கோயில் எப்படி ஒரு பொருளாதார நிறுவனமாக வேலை செய்தது என்று ஒரு கட்டுரை எழுதினார்.

தளிகையான பிரசாதத்தில் பணம் கட்டியவருக்கு வழக்கமாக நாலில் ஒரு பங்கு. அதற்குப் பெயர் 'விட்டவன் விழுக்காடு'. விட்டவன் என்றால் தானம் விட்டவன். விழுக்காடு என்றால் பங்கு. இன்றைக்கு நாம் சதவீதத்துக்குச் சொல்கிற அதே சொல். பத்தொன்பது வருஷமாக வட்டி விழுக்காடு போட்டுக்கொண்டிருக்கிறேன், அது பிரசாதப் பங்கையும் குறித்த சொல் என்று தெரியாமல். இந்தப் பங்கை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் ஏழை யாத்திரிகர் சோற்றுக்கு எழுதிவைத்தவர்களும் உண்டு. சாளுவ நரசிம்மன் பங்கு அப்படித்தான் ராமானுஜ கூடங்களுக்குப் போனது.

இன்னொன்று. அந்தக் காலத்துக் கல்வெட்டுகள் பலவற்றின் கடைசியில் கோயில் கணக்கர் கையெழுத்து இருக்கும். பேர் திருநின்றவூருடையான். நம்ம திருவள்ளூர் ரயில் நிற்கிற திருநின்றவூர்! ஊர்ப் பேரே வம்சப் பேராகி, தலைமுறை தலைமுறையாக ஏழுமலையான் கணக்கு எழுதியிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப உன் வேலையும் நம்ம பக்கத்து வேலைதான்" என்றார். பி.காம். சேர்ந்த நாளிலிருந்து என் படிப்பைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

வட்டி விகிதமும் சொல்லிவிடுகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்தில் ஊர்ச் சபைகளுக்குக் கடன் கொடுத்தார்கள். காசு ஒன்றுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு, அதாவது பன்னிரண்டரை விழுக்காடு. 2001ல் அக்கா கல்யாணத்துக்கு அப்பா மூன்று லட்சம் வாங்கினார். நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டி. வருஷத்துக்கு 24 விழுக்காடு. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய புரோ நோட்டில் அப்பா கையெழுத்துப் போட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். மாதம் ஆறாயிரம் வட்டிக்கே போய், அசல் அசையவே இல்லை. அதற்காகத்தான் மஸ்கட் வந்தேன். "கடன் முடிஞ்சதும் வந்துடறேன்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். 2009ல் கடைசி ரூபாயைக் கட்டி நோட்டை வாங்கி அப்பா கிழித்துப் போட்டார். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது.

மூன்றாம் நாள் ஸ்ரீநிவாச மங்காபுரம். கல்யாணமான புதிதில் மலையேறக்கூடாது என்று அகத்தியர் தடுத்ததால் தம்பதி ஆறு மாதம் தங்கிய இடம் என்பார்கள். பிறகு குடிமல்லம். லிங்கத்தின் மேலேயே வேடன் போல ஒரு சிவன் நிற்கிறார். கிறிஸ்துவுக்கு முன் இரண்டு அல்லது முதல் நூற்றாண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள். விக்கிரம சோழன் காலத்தில், 1126ல், கோயிலைக் கல்லால் திருப்பிக் கட்டினார்கள். நாங்கள் போனபோது எங்களைத் தவிர ஒரு பூசாரியும் ஒரு ஆடும்தான்.

அங்கிருந்து திரும்பும்போது காரில் பெண் மறுபடி ஆரம்பித்தாள். "தாத்தா, சாமிகிட்ட கேட்டீங்களா? கடன் முடிஞ்சிடுச்சா?"

அப்பா ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முடிஞ்சிருந்தா அவர் ஏன் இன்னும் தனியா மேல நின்னுகிட்டு இருக்காரு? பொண்டாட்டி கீழ திருச்சானூர்ல இருக்கா. இறங்கி வந்திருப்பாரே."

தங்கமணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஓட்டுநரிடம் திருவள்ளூருக்கு எத்தனை மணிக்குப் போவோம் என்று கேட்டேன்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திருப்பதி தரிசனத்தோடு திரும்பிவிடாமல் நாராயணவனத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். மலை மேல் வரிசையில் நிற்கும்போது பிள்ளைகளுக்குச் சுவரைக் காட்டுங்கள், தமிழ் எழுத்து தெரிந்தால் ஓரிரு சொல்லாவது பிடிபடும். வீட்டுப் பெரியவர்களால் முடிந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள். காரில் முன் சீட்டு அவர்களுக்கு.