மக்பெர்சன் ஸ்ட்ரட்

மக்பெர்சன் ஸ்ட்ரட் என்பது சுருள்வில்லும் அதிர்வு தாங்கியும் ஒரே அலகாக இணைந்த, தானுந்தின் சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு ஆகும். இதனை அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மக்பெர்சன் 1940களில் வடிவமைத்தார். 1950இல் அறிமுகமான ஃபோர்டு கான்சல் தானுந்தின் முன்சக்கரங்களில் இது பயன்படுத்தப்பட்டது.

தேய்மானமும் மாற்றுதலும்

எண்ணெய்க் கசிவு, பள்ளத்தில் இறங்கியபின் வண்டி நெடுநேரம் குலுங்குதல், டயர் சீரற்றுத் தேய்தல் ஆகியன பழுதின் அறிகுறிகளாகும். வீட்டில் மாற்றுவோர் ஜாக்கியை மட்டும் நம்பாது, வண்டியை உறுதியான தாங்கிகளின் மீது நிறுத்த வேண்டும். கழற்றி எடுத்த ஸ்ட்ரட்டிலும் சுருள்வில் அழுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். அதற்குரிய கருவியால் வில்லை மேலும் சுருக்கி, மேல்தட்டின் மீதுள்ள அழுத்தம் நீங்கிய பின்னரே நடுத்தண்டின் நட்டைக் கழற்ற வேண்டும். இல்லையேல் வில் பெருவிசையுடன் தெறித்து உயிரிழப்பும் நேரலாம். பொதுவாக இடது, வலது ஸ்ட்ரட்டுகள் ஒருசேர மாற்றப்படுகின்றன. இறுதியில் சக்கரங்களின் கோணங்களைச் சரிபார்த்தல் (வீல் அலைன்மெண்ட்) இன்றியமையாதது.