பிழை ஏறும் ஏடு

பால்மரக் காட்டில் வளர்ந்தவர்க்கு ஏட்டின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக் வட்டாரத் தோட்டங்களில் செம்பனை பெருகுமுன், பால் வெட்டியவர்கள் வாளியோடு கொட்டகையில் வரிசையாக நிற்பர். பாலை நிறுத்துக் கிராணி ஏட்டில் எழுதுவார். பதிவில் குறை இருப்பின் அப்பொழுதே சொல்ல வேண்டும். ஏட்டில் ஏறாத உழைப்புக்குச் சம்பள நாளில் கணக்கு இல்லை.

இதனை ஈண்டு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. கணினியை இயக்கும் மென்பொருளிலும் பிழைகள் உள. அவையும் ஏட்டில் ஏறினாலன்றித் திருந்துவது அரிது. அவ்வேடு தோன்றிய வரலாறு தமிழாசிரியர்கள் அறியத்தக்கது.

மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் கொள்கையுடன் 1983ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1985இல் லாரி வால் ‘பேட்ச்’ என்னும் சிறு கருவியை வெளியிட்டார். இச்சொல்லுக்கு ஒட்டு என்பது பொருள். நிரல் முழுவதையும் அனுப்பாமல், இன்ன வரியை நீக்குக, இன்ன வரியைச் சேர்க்க என்று மாற்றத்தை மட்டும் எழுதியனுப்பினால், கருவி அதனை மூலத்தில் பொருத்திவிடும். நூலின் இறுதியில் அச்சிடும் பிழைதிருத்தப் பட்டியலைப் போன்றது அது. ஆயின் இப்பட்டியல் நூலையே திருத்திவிடுகிறது.

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கியபின், பல நாட்டவரும் திருத்தங்களை அனுப்பலாயினர். இத்தகைய திட்டங்களில் எது தீர்ந்தது, எது தீரவில்லை என்று நினைவில் வைத்தல் இயலாதாயிற்று. 1994இல் டெபியன் திட்டத்துக்கு இயன் ஜாக்சன் பிழைப் பதிவேடு அமைத்தார். 1998இல் மொசில்லாவுக்காகப் பக்சில்லா எழுந்தது. ஒவ்வொரு பிழைக்கும் ஓர் எண். அதன்கீழ்க் கண்டவர் பெயர், பிழை தோன்றும் முறை, பொறுப்பேற்றவர், முடிவு ஆகியன அமையும்.

திருத்தம் எழுதப்பட்டவுடனே சேர்ந்துவிடாது. பிறர் படித்துத் தடை எழுப்புவர். எழுதியவர் விடை கூறுவார். வேண்டின் மாற்றி எழுதுவார். பொறுப்பாளர் இசைந்த பின்னரே அது மூலத்தில் கலக்கும். புலவர் அவையில் நூலை அரங்கேற்றிய மரபினராகிய நமக்கு இது புதிதன்று. லினக்ஸில் திருத்தம் தருபவர் தம் ஒப்பத்தையும் இடவேண்டும் என்னும் முறை 2004இல் வந்தது. 2005இல் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’, எவர் எப்பொழுது எந்த வரியை மாற்றினார் என்பதைக் காத்து வைக்கிறது.

இதனால் விளைந்த பயன் யாது? உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார்; திருத்திய இரண்டாம் பதிப்பு 1907இல் வந்தது. இடையே இருபதாண்டு. இன்றோ, ஏற்கப்பட்ட திருத்தம் அன்றே மூலத்தில் நிற்கும்.

ஆயினும் திறந்திருத்தல் வேறு, படிக்கப்படுதல் வேறு. இணையத்தில் மறைபொருள் காக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2012இல் வெளிவந்த பதிப்பு ஒன்றில் பெரும்பிழை புகுந்திருந்தது. ஹார்ட்பிளீட் எனப்பட்ட அப்பிழை உலகுக்குத் தெரிந்தது 2014 ஏப்ரலில்தான். மூலம் யாவர்க்கும் திறந்தே இருந்தது. கூர்ந்து படிப்பார் இல்லை.

தமிழுக்கும் இவ்விடர் உண்டு. இ. மயூரநாதன் போன்ற தன்னார்வலர் உழைப்பால் 2003இல் தமிழ் விக்கிப்பீடியா உருப்பெற்றது. அதன் மென்பொருளுக்கும் பொதுவான பிழைப் பதிவேடு உண்டு. ஆயின் எல்லாப் பிழையும் நிரலறிஞர் கண்ணில் படா. ‘மரம்’ என்னும் சொல்லோடு ஐ உருபை நிரல் வெறுமனே ஒட்டினால் ‘மரம்ஐ’ என்றாகும். அத்துச்சாரியை பெற்று ‘மரத்தை’ என வரவேண்டும் என்பதை, தமிழறியாத பின்லாந்துக்காரரோ அமெரிக்கரோ எங்ஙனம் அறிவர்? நன்னூல் கற்பிப்பவரே அறிவர்.

அதனைப் பதிய நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. எங்கே கண்டோம், என்ன வந்தது, என்ன வரவேண்டும் என்னும் மூன்றையும் தெளிவாக எழுதினால் போதும். கொட்டகையில் வாய் திறந்து சொன்னவர்க்கே அன்று கணக்குத் திருந்தியது. வீட்டில் முணுமுணுத்தவர்க்குத் திருந்தவில்லை. தமிழின் கணக்கும் அவ்வாறே.