செல்ஃப் எடுக்காத பழைய லாரி

எழுபது, எண்பது வயதான லாரி ஒன்று கிளம்ப மறுத்தால் பழியை முதலில் வயதின் மேல் போடுகிறோம். இரும்பு தேய்ந்துவிட்டது, காயில் எரிந்துவிட்டது என்று முடிவுகட்டி உதிரிபாகம் தேடப் புறப்படுகிறோம். கிளட்ச், செல்ஃப் மோட்டார் இரண்டும் கடந்துவந்த வரலாற்றைப் பார்த்தால் இந்த அவசரம் தவறு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஓட்டுநரும் மெக்கானிக்கும் சில பழக்கங்களோடு வருவார்கள் என்று நம்பித்தான் அந்தக் காலத்து லாரியை வடிவமைத்தார்கள். பழக்கங்கள் போய்விட்டன, வண்டி மட்டும் மிஞ்சியிருக்கிறது. இன்று பழுது என்று நாம் எழுதிவைப்பவற்றில் கணிசமான பங்கு இந்த இடைவெளியில் பிறந்தது. ஆகவே பழைய லாரியைப் பழுது பார்ப்பவருக்கு ஸ்பேனரோடு வரலாறும் கையில் இருக்க வேண்டும்.

செல்ஃப் மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். அதற்கு முன் வண்டியின் முன்னால் நின்று ஹேண்டில் அடித்துத்தான் இன்ஜினை எழுப்ப வேண்டும். இன்ஜின் பின்னுக்கு உதைத்தால் மணிக்கட்டு முறியும். மின்சார மோட்டாரால் அந்த வேலையைச் செய்ய முடியாது என்று பலர் நினைத்ததற்குக் காரணம் இருந்தது: இன்ஜினைச் சுழற்றும் வலு வேண்டுமென்றால் மோட்டார் சுமக்க முடியாத அளவு பெரிதாகிவிடும். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், டேட்டன் நகரில் இருந்த சார்லஸ் கெட்டரிங் அதற்கு முன் பணப்பதிவு இயந்திரத்துக்கு மின்மோட்டார் அமைத்தவர். சில நொடிகள் மட்டுமே ஓடப்போகும் மோட்டார் சிறியதாக இருக்கலாம், அந்தச் சில நொடிகளுக்கு அதன் தாங்குதிறனுக்கு மேல் மின்சாரம் பாய்ச்சலாம் என்பதை அங்கே அவர் கண்டிருந்தார். 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் காரில் அந்த யோசனை செல்ஃப் ஸ்டார்ட்டராக வந்தது. முப்பது நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதே, அடித்தால் ஆறவிடு என்று பட்டறைகளில் சொல்லும் விதி இங்கிருந்துதான் கிளைக்கிறது. அந்த மோட்டார் பிறந்ததே தன் அளவை மீறி உழைப்பதற்காக. கார்பரேட்டரில் பெட்ரோல் வராத லாரியைக் கிளப்ப இரண்டு நிமிடம் விடாமல் அடித்துவிட்டு மோட்டார் மட்டம் என்று சொல்வது, அது பிறந்த கதையை அறியாத பேச்சு.

இன்னும் நுட்பமான இடம் ஆறு வோல்ட் மின்னமைப்பு. செவர்லே லாரிகள் 1955 வரையிலும், அமெரிக்க ஃபோர்டு லாரிகள் 1956 மாடல் வரும் வரையிலும் ஆறு வோல்ட்டில்தான் ஓடின. ஒரே வலுவைத் தர, பன்னிரண்டு வோல்ட்டில் பாய்வதைப் போல் இரு மடங்கு மின்னோட்டம் ஆறு வோல்ட்டில் பாய வேண்டும். ஒயர் ஒன்றே என்றால் அதில் வீணாகும் சக்தி நான்கு மடங்கு. அதனால்தான் அந்தக் காலத்து பேட்டரி கேபிள் கட்டைவிரல் தடிமனில் இருந்தது. இடையில் யாரோ கடையில் கிடைத்த பன்னிரண்டு வோல்ட் கேபிளை மாட்டியிருப்பார். காலையில் எப்படியோ எழும்பும் லாரி, இன்ஜின் சூடேறியதும் முனகும். மோட்டாரைக் கழற்றிப் பிரஷ் மாற்றினாலும், பேட்டரியையே மாற்றினாலும் முனகல் போகாது. குற்றவாளி பளபளப்பாகப் புதிதாகத் தெரியும் அந்த கேபிள். சேசிஸில் எர்த் பிடிக்கும் இடத்துப் பெயின்ட்டும் துருவும் இதே வேலையைச் செய்யும்.

ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள பல்வளையமான ரிங் கியர் விஷயமும் இப்படித்தான். ஆறு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது கம்ப்ரஷனில் தடுக்கப்பட்டு, பெரும்பாலும் மூன்றே நிலைகளில் ஒன்றில் நிற்கும். செல்ஃப் பல்சக்கரம் ஆண்டுக்கணக்கில் அந்த மூன்று இடங்களையே கடித்திருக்கும். அதனால்தான் சில நாள் எடுக்கும், சில நாள் கறகறவென்று அரைத்துவிட்டு நிற்கும். கியரில் போட்டு லாரியைக் கொஞ்சம் நகர்த்தினால் எடுக்கும் என்பது பழைய ஓட்டுநர்களுக்குத் தெரிந்த விஷயம். அடுத்து, 1940களில் செவர்லே முதலிய லாரிகளில் இருந்த கால்மிதி ஸ்டார்ட்டர். மிதியை அழுத்தும்போது முதலில் பல்சக்கரம் ரிங் கியரில் முழுதாகக் கோத்துக்கொள்ள வேண்டும், அதன்பிறகே மின்தொடுப்பு சேர வேண்டும். தண்டின் அளவு சற்றுப் பிசகினால் சுற்றத் தொடங்கிவிட்ட பல் வந்து மோதும். புது மோட்டார் வாங்கிப் போட்டாலும் அதுவும் அப்படியே கடிக்கும்.

இதற்கெல்லாம் வரலாறு எதற்கு, வோல்ட் மீட்டர் போதாதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மின்னழுத்தம் எங்கே விழுகிறது என்பதை மீட்டர் காட்டிவிடும், கேபிள் குற்றத்தை அது பிடித்துவிடும். ஆனால் எந்த எண் சரி, எந்த எண் தவறு என்பதை மீட்டர் சொல்லாது. ஆறு வோல்ட் லாரியில் செல்ஃப் அடிக்கும்போது ஐந்து வோல்ட் காட்டினால் நல்லதுதான். பன்னிரண்டு வோல்ட்டில் பழகிய கண்ணுக்கு அது செத்த பேட்டரி. பேட்டரியின் பாசிட்டிவ் முனையை எர்த் செய்த அந்நாளைய வண்டிகளில் யாராவது கம்பிகளை மாற்றி மாட்டினாலும் செல்ஃப் மோட்டார் வழக்கம்போலவே சுற்றும், ஏனென்றால் சீரீஸ் மோட்டாரின் திசை முனை மாறுவதால் மாறாது. எல்லாம் சரி என்று நினைத்திருக்கும்போதே டைனமோவும் ரெகுலேட்டரும் கெடும். அளந்து பார்ப்பதற்கு முன் எதை எதிர்பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கிளட்ச்சின் கதை இன்னும் பழையது. தொடக்க கால லாரிகளில் தோல் போர்த்திய கூம்புக் கிளட்ச் இருந்தது. தோல் காய்ந்து வெடுக்கென்று பிடித்தால் விளக்கெண்ணெய் தடவினார்கள், எண்ணெய் மிஞ்சி நழுவினால் முல்தானி மண் தூவினார்கள். பராமரிப்பு என்பது அன்றாடச் சடங்கு. உலர்ந்த ஒற்றை பிளேட் வந்தபின் அந்தச் சடங்கு மறைந்தாலும் ஓட்டுநரின் பங்கு மறையவில்லை. கியர் அரையாமல் கோக்க காடிலாக் 1928இல் கொண்டுவந்த சின்க்ரோமெஷ் லாரிகளுக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. அதுவரை கியர் இறக்க வேண்டுமென்றால் கிளட்சை மிதித்து, நியூட்ரலில் விட்டு, ஆக்சிலேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துக் கோக்க வேண்டும். இந்த இரட்டை மிதி தெரியாதவர் கியர் அரைவதைக் கேட்டதும் கிளட்ச் விடுபடவில்லை என்று கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிறார். கிளட்ச் உண்மையிலேயே விடுபடாமல் போவதற்கு, அன்றாடம் ஓடிய லாரி இன்று ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்பதும் ஒரு காரணம். ஈரத்தில் ஃப்ளைவீலோடு துருவேறி ஒட்டிக்கொண்ட பிளேட் தேய்ந்த பிளேட் அல்ல. அது ஓடாததால் வந்த கோளாறு.

பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றிவிட்டு நிம்மதியாக ஓட்டலாமே என்பது இன்னொரு வாதம். பிழைப்புக்கு ஓட்டுபவருக்கு அது சரியான முடிவு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு வோல்ட் மோட்டாரை அப்படியே வைத்துக்கொண்டு பேட்டரியை மட்டும் மாற்றினால், வேகம் கூடிய பல்சக்கரம் ஏற்கெனவே தேய்ந்த ரிங் கியரை இன்னும் பலமாக அடிக்கும். மாற்றுவதற்கும் மூலம் தெரிந்திருக்க வேண்டும்.

கிளட்சில் தோலுக்குப் பதிலாக வந்த பொருளைப் பற்றிய அறிவு எல்லாவற்றையும்விட அவசரமானது. இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் 1897இல் தொடங்கிய ஃபெரோடோ போன்ற நிறுவனங்கள் அடுத்த நூற்றாண்டில் பிரேக், கிளட்ச் உராய்வுத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸைச் சேர்த்தன. சூட்டைத் தாங்கும் தகடு கிடைத்தது, அதன் தூசி நுரையீரலில் தங்கியது. ஆஸ்பெஸ்டாஸ் தூசிக்கு எதிராக பிரிட்டன் 1931இல் கொண்டுவந்த விதிகள் தொழிற்சாலைகளை நோக்கியவை. கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கைத் திறந்து காற்றடித்துத் தூசி தட்டிய கராஜ் தொழிலாளியை அவை காக்கவில்லை. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய பிளேட் ஒன்றை இன்று திறப்பவர் காற்றுக்குழாயை ஒதுக்கிவைத்து, நல்ல முகமூடி அணிந்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் மூடிக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.